ராசுவின் பங்கு

நைனார்பாளையம்
29.9.1987

அக்கா,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. உன் வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று அம்மாவின் கருமாதி அன்று சொன்னேன். அந்தச் சொல்லில் இன்னும் நிற்கிறேன். அதனால்தான் பஸ் ஏறி வந்து முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டியதைத் தபாலில் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, நீ அண்ணனைச் சேர்த்த மலையடி இல்லத்துக்குப் போனேன். அவரைப் பார்த்து ஒரு மாதம் ஆகிவிட்டது, நடுவில் இட ஒதுக்கீடு கேட்டு ஏழு நாள் சாலை மறியல் வந்துவிட்டது. வீட்டிலிருந்து பச்சையம்மாள் வேர்க்கடலை வறுத்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். அண்ணன் முன் அறையில் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். துவைத்த சட்டை, சவரம் செய்த முகம். கடலையை வாங்க இரண்டு கையையும் நீட்டினார். இரண்டு மணிக்கட்டிலும் கயிற்றுத் தடம். தோல் உரிந்து பொருக்குக் கட்டியிருந்தது.

"இன்னாண்ணே இது?" என்றேன். "ராசு தண்ணி, ராசு தண்ணி" என்றார். வேறு எதைக் கேட்டாலும் அதுதான் பதில்.

ராசுவை உனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டில், கரியாலூர்க்காரன், அண்ணனைப் போலவே வலிப்புக்காரன். எப்போது போனாலும் ஓடிவந்து என் கைப்பையை வாங்குவான். அவனைக் காணோம். கட்டில் காலி. மேனேஜரைக் கேட்டேன். "ஊருக்குப் போயிருக்கான்" என்றார். கயிற்றைப் பற்றிக் கேட்டேன். "உங்க அக்காவே வந்து எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் போனாங்க" என்று வருகைப் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார்.

உன் கையெழுத்து. தேதி 22.9.1987. 'நேரில் சென்று பார்வையிட்டேன். எவரும் கட்டிவைக்கப்படவில்லை. வலிப்பு மாத்திரை ஒரு மாத இருப்பு உள்ளது. அனைத்தும் திருப்தி.'

அன்றைக்கு நீ எந்த வழியாகப் போனாய்? கச்சிராயபாளையம் ரோட்டில் ஏழு புளியமரம் குறுக்கே கிடந்தது. ஒரு சைக்கிளைக்கூட நாங்கள் விடவில்லை. நாங்கள் என்றால் நானும் என் மாமனார் ஊர்க்காரர்களும். இரண்டு மரத்தை அறுத்த ரம்பத்தில் ஒரு பிடி என் கையில் இருந்தது. ஏழு நாளும் அங்கேதான் தின்றேன், அங்கேதான் படுத்தேன். உன் ஜீப் வரவில்லை. பறந்து போனாயா?

இல்லங்களைச் சோதனை போடுவதற்குத்தான் அரசாங்கம் உனக்குச் சம்பளம் கொடுக்கிறது. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

பதில் எழுது.

இளஞ்செழியன்


கள்ளக்குறிச்சி
2.10.1987

செழியா,

இன்று காந்தி ஜெயந்தி விடுமுறை. உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். கார்டில் எழுதாமல் உறையில் போட்டாயே, அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது.

நான் போகவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

காலாண்டு அறிக்கை இருபத்தைந்தாம் தேதிக்குள் கடலூர் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டு முறை ஜீப்பை எடுத்தோம், ஊர் எல்லையைத் தாண்டவில்லை. 22ஆம் தேதி காலையில் மேனேஜரே ஏரிக்கரை வழியாக நடந்து வந்து என் வீட்டில் பதிவேட்டை நீட்டினார். "போன தபா மாதிரியேதான் எல்லாம் இருக்குதும்மா. உங்க அண்ணனும் நல்லா இருக்காரு. ஒரு கையெழுத்துதானே" என்றார். ஜூலையில் எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதினேன். ஆறு வருட வேலையில் முதல் தடவை. போகிற இடத்தில் எல்லாம் சோற்றுப் பானையில் கையை விட்டுப் பார்ப்பவள் நான், போர்வையை மோந்து பார்ப்பவள். 'மூக்கு மேடம்' என்று பின்னால் பேர் வைத்திருக்கிறார்கள், அதுவும் தெரியும்.

ஆனால் கேட்கிறவன் யார் என்று பார். மரத்தை வெட்டி ரோட்டில் போட்டவன், ஏன் ரோட்டில் வரவில்லை என்று கேட்கிறான்.

அம்மாவின் பதினாறாம் நாள், அண்ணனை யார் வைத்துக்கொள்வது என்று கேட்டேன். நீ கூரையைப் பார்த்தாய். பச்சையம்மாள் மாசமாக இருக்கிறாள், வலிப்பைப் பார்த்தால் பயந்துபோவாள் என்றாய். சரி. நான் தனிக்கட்டை, காலையில் போனால் இருட்டித்தான் வருகிறேன். குழந்தைப் புத்தியும் வலிப்பும் உள்ளவரைப் பூட்டிய வீட்டில் விட்டுவிட்டுப் போகவா? அதனால் இல்லத்தில் சேர்த்தேன். அன்றே பந்தலில் நின்று, "கூடப் பொறந்தவனை அநாதையாக்கிட்டா" என்று ஊருக்கெல்லாம் கேட்கச் சொன்னாய். ஒரு வருடமாக அதை மென்றுகொண்டிருக்கிறேன்.

நேற்று ஆபீசுக்கு வந்த மேனேஜரிடம் கயிற்றைப் பற்றிக் கேட்டேன். அண்ணன் மாத்திரையைத் துப்பி அடம் பிடித்தாராம், இரண்டு நாள் கையைக் கட்டிவைத்துக் கொடுத்தார்களாம். பிறந்ததிலிருந்து அண்ணன் எதற்கு அடம் பிடித்தார்? எனக்கு நினைவில்லை. ராசு ஊரில் இருக்கிறான் என்று என்னிடமும் சொன்னார்.

இல்லத்துக்குக் கார்டு போட்டுவிட்டு இருபதாம் தேதி வாக்கில் போய்ப் பார்க்கிறேன். அதுவரை எதையும் யாரிடமும் சொல்லாதே.

மணிமொழி


நைனார்பாளையம்
5.10.1987

அக்கா,

கார்டு போட்டுவிட்டுப் போகிறாயா? நல்லாயிருக்கிறது உன் சோதனை. பெண் பார்க்கப் போகிறவர்கள்தான் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன், மூக்கு மேடம். உன் கார்டு வந்ததும் அங்கே சுண்ணாம்பு அடிக்கிறார்கள். இரும்புப் பெட்டியைத் திறந்து நீலப் போர்வைகளை எடுத்து ஆளுக்கு ஒன்று போர்த்துகிறார்கள். நீ மோந்து பார்த்துவிட்டு வந்ததும் மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்கள். நான் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பின்கொட்டகையில் இருப்பவர்கள் கோணியில்தான் படுத்திருக்கிறார்கள். அண்ணன் ஒருவர்தான் எப்போதும் புதுமாப்பிள்ளை போல ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆபீசர் அண்ணன் அல்லவா. அதைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் இவ்வளவு நாள் வாயைத் திறக்கவில்லை.

ஒரே ஒரு தடவை சொல்லாமல் போ. இந்த வாரமே போ. இல்லையென்றால் கலெக்டருக்கு மனு எழுதி, 22ஆம் தேதி நீ வரவில்லை என்பதற்கு நானே சாட்சி என்று கையெழுத்துப் போடுகிறேன். அண்ணன் மேல் கயிறு போட்டவனையும் விடமாட்டேன், அதற்குத் திருப்தி என்று எழுதியவளையும் விடமாட்டேன்.

இளஞ்செழியன்


கள்ளக்குறிச்சி
9.10.1987

செழியா,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவள் கொளஞ்சியம்மாள், இல்லத்தில் ஆயாவாக வேலை செய்தவள். நேற்றோடு நின்றுவிட்டாள். அவளோடு அண்ணனும் வருகிறார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு அப்புறம் படி. இந்தத் தடவை கூரையைப் பார்க்காதே.

புதன்கிழமை வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, வழியில் இறங்கி நடந்தேன். ஜீப் இல்லை, கார்டு இல்லை. மேனேஜர் வெளியே போயிருந்தார். கொளஞ்சியம்மாள் கேட்டைத் திறந்தவள் என்னைப் பார்த்துச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நீ சொன்ன பெட்டி பூட்டியிருந்தது. நீ சொன்ன கோணியும் இருந்தது. பின்கொட்டகையில் மூன்று பேரை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். ஒருவர் மேல் மூத்திரம் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது.

மருந்து அலமாரியில் வலிப்பு மாத்திரை டப்பா ஆறு. ஜூலையிலும் ஆறுதான். அப்போது டப்பாவை எண்ணினேன். இந்தத் தடவை மூடியைத் திறந்தேன். ஐந்து காலி. ஆறாவதில் ஒன்பது மாத்திரை.

இனி கொளஞ்சியம்மாள் சொன்னது. அவள் வாயால் நீயும் கேட்டுக்கொள்.

"ஆவணியில இருந்தே மாத்திர கம்மிதாம்மா. ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கியாங்கன்னு சொல்லிக்கினேதான் இருந்தேன், ஆள் அனுப்பல. பன்னெண்டு பேருக்கும் ஒரு நாள் வுட்டு ஒரு நாள் குடுத்தோம். மறியல் வந்ததும் மேனேஜர் இன்னா சொன்னாரு தெரியுமா? இருக்கறத ஆபீசரம்மா அண்ணனுக்குக் குடு, அவருக்கு மட்டும் ஒரு நாளும் தவறக் கூடாது, மத்ததுங்க பொறுத்துக்கும்னாரு."

அண்ணனுக்கு ஒரு நாளும் தவறவில்லை செழியா. ராசுவுக்கு மறியலின் மூன்றாம் நாளே வலிப்பு ஆரம்பித்துவிட்டது. அண்ணன் அதைப் பார்த்திருக்கிறார். தன் மாத்திரையை நாக்கடியில் அடக்கிவைத்திருந்து, ஆள் நகர்ந்ததும் எடுத்து ராசுவின் வாயில் போட்டிருக்கிறார். இரண்டு நாள் அப்படி. பிறகு பிடித்துவிட்டார்கள். மாத்திரையை வீணாக்குகிறான் என்று கையைக் கட்டிலில் கட்டி, வாயைப் பொத்தி விழுங்கவைத்தார்கள். நீ பார்த்த தடம் அதுதான்.

24ஆம் தேதி காலை, மறியல் முடிந்த மறுநாள், ராசு முகம் கழுவத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனான். குனிந்தபோது வலிப்பு வந்தது. தலை தொட்டிக்குள். அண்ணன் கட்டிலில் கட்டுண்டபடி ஜன்னல் வழியாகப் பார்த்துக் கத்தியிருக்கிறார். எப்போதும் கத்துகிறவன்தானே என்று ஒருவரும் எழுந்து போகவில்லை. உடலை மலைக்குக் கொண்டுபோய், வலிப்பு வந்து செத்தான் என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

நான் 22ஆம் தேதி பொய் எழுதினேன். அதற்கப்புறம் ராசு இரண்டு நாள் உயிரோடு இருந்தான். மேனேஜர் நடந்து வந்த ஏரிக்கரையில் நான் நடந்து போயிருக்கலாம். எனக்கும் கால் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மிச்சம் பத்துப் பேருக்கும் மாத்திரை வாங்கி இல்லத்துக்கு அனுப்பிவிட்டேன். அண்ணனுக்கு ஒரு மாதத்துக்கானது பொட்டலத்தில் இருக்கிறது, காலையில் ஒன்று. அடுத்த வாரம் கடலூர் போகிறேன். என் கையெழுத்து பொய், என் அண்ணனுக்காக ராசுவின் மாத்திரையை நிறுத்தினார்கள் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன்.

மணிமொழி


நைனார்பாளையம்
14.10.1987

அக்காவுக்கு,

அண்ணன் வந்து சேர்ந்தார். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையைச் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறோம். குழந்தை அவர் மடியை விட்டு இறங்கமாட்டேன் என்கிறது. பச்சையம்மாள் ஒன்றும் பயப்படவில்லை.

ராசு விஷயத்தைக் கொளஞ்சியம்மாள் வாயாலும் கேட்டேன். ஆனாலும் கொஞ்சம் நிதானமாக யோசி. நீயா அவனைத் தொட்டியில் தள்ளினாய்? மாத்திரையை நிறுத்து என்று நீ சொன்னாயா? மேனேஜர் செய்த பாவத்தைத் தூக்கி நீ ஏன் தலையில் வைத்துக்கொள்கிறாய்? கயிறு கட்டியதை எழுது, போர்வையை எழுது, காலி டப்பாவை எழுது. 22ஆம் தேதியை மட்டும் விட்டுவிடு. அதை எழுதினால் வேலை போகும். வேலை போனால் நாளைக்கு அந்த இல்லத்தை யார் வந்து திறந்து பார்ப்பார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது, மறைக்கவில்லை. மரம் அறுத்தவர்களின் பெயர்களைப் போலீஸ் தேடிக்கொண்டிருக்கிறது. ஏன் போகவில்லை என்று உன்னைக் கேட்பார்கள். மரம் கிடந்தது என்பாய். எந்த மரம், யார் வெட்டியது என்று இழுப்பார்கள். என் கடிதம் உன்னிடம் இருக்கிறது, ரம்பம் பிடித்தேன் என்று என் கையாலேயே எழுதிய கடிதம். அதை அடுப்பில் போடு. கைக்குழந்தைக்காரன் நான்.

நம் அண்ணன் நல்லபடியாக வந்துவிட்டார். செத்தவன் திரும்பி வரப்போவதில்லை. அவனுக்குக் கேட்பாரும் இல்லை. விட்டுவிடு அக்கா.

செழியன்


கள்ளக்குறிச்சி
17.10.1987

செழியா,

கலெக்டருக்கு மனு எழுதுகிறேன் என்று குதித்த இளஞ்செழியன் எங்கே போனான்? அண்ணன் கையில் கயிற்றுத் தடம் என்றதும் என்னையும் விடமாட்டேன் என்றாய். செத்தது ராசு என்றதும் நிதானமாக யோசி என்கிறாய். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். உனக்கு வந்தது, தெரிந்தது, நம் ஆள் எழுந்து உட்கார்ந்ததும் மறந்துவிட்டது.

ஏழு நாள் ரோட்டில் உட்கார்ந்து நீ கேட்டது என்ன? படிப்பிலும் வேலையிலும் நம் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு. அதைத் தப்பென்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தப் பங்கு இல்லாமல் எத்தனை படி ஏறி இறங்கி இந்த நாற்காலிக்கு வந்தேன் என்று எனக்குத் தெரியும். ராசுவுக்கும் ஒரு பங்கு இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. அதைப் பிடுங்கி நம் அண்ணன் வாயில் திணித்தார்கள், அவர் வேண்டாம் வேண்டாமென்று துப்பத் துப்ப. நம் குடும்பத்தில் நியாயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் புத்தி இல்லாதவர் என்று இல்லத்தில் வைத்தோம்.

மாத்திரையை நிறுத்தச் சொன்னாயா என்று கேட்கிறாய். சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் போனதும் முதலில் எங்கே போவேன்? அண்ணன் கட்டிலுக்கு. அவர் முகம் தெளிவாக இருந்தால் எனக்கு எல்லாமே தெளிவாக இருந்தது. மேனேஜர் முட்டாள் இல்லை. ஒரு ஆளை நன்றாக வைத்திருந்தால் போதும் என்பதை என் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். அவனுக்குப் பாடம் நடத்தியது நான்தான்.

அறிக்கை கொடுத்தாகிவிட்டது. என்னைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மேனேஜரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது, மறுநாள் விட்டுவிட்டது. நவம்பர் 2, திங்கட்கிழமை, இங்கே விசாரணை. மேனேஜர் தரப்பில் ஒரே பேச்சுதான், மறியலால் மாத்திரை வரவில்லை, யார் என்ன செய்ய முடியும்? கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள்.

நீ பயப்படாதே. உன் பெயரை நான் எழுதவில்லை. மரம் கிடந்தது என்றுகூட எழுதவில்லை. எழுதினால் அது எனக்குச் சாக்காகிவிடும். உன் கடிதம் பெட்டியில் இருக்கிறது, அடுப்பில் போடவும் மாட்டேன், ஒருவரிடம் காட்டவும் மாட்டேன். அது உன்னுடையது, நீயே முடிவு செய்துகொள்.

ராசுவுக்குக் கேட்பார் இல்லை என்று எழுதியிருக்கிறாய். கரியாலூரில் அவனுக்கு ஒரு அக்கா இருக்கிறாள், பெயர் ஆயம்மாள். அவன் சேர்க்கைப் படிவத்தில் என் கையால் நான்தான் எழுதினேன்.

மணிமொழி


நைனார்பாளையம்
26.10.1987

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். கோபம். யாருக்குப் புத்தி சொல்கிறாள் என்று பச்சையம்மாளிடம் கத்தினேன். பதில் எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன்.

தீபாவளி அன்று காலை அண்ணனுக்கு எண்ணெய் தேய்க்க உட்காரவைத்தோம். தேய்க்கும்போதே வலிப்பு வந்துவிட்டது. பெரிய வலிப்பு, கட்டுக்கடங்கவில்லை. மாத்திரை தினமும் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று திகைத்துப்போனேன். அடங்கியதும் வேட்டியை மாற்ற அவிழ்த்தேன். இடுப்பு முடிச்சில் மாத்திரைகள். பாதி கரைந்து, காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. எண்ணினேன். பதினொன்று. வந்த நாளிலிருந்து ஒன்றையும் விழுங்கவில்லை.

"இன்னாத்துக்குண்ணே இத முடிஞ்சு வச்சிக்கினு கீற?" என்றேன்.

"ராசுக்கு" என்றார். "நாளைக்குக் குடுப்பேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை கரியாலூர் போனேன். ஆயம்மாள் சாமைக் கொல்லையில் இருந்தாள். யார் என்று சொன்னதும் பாய் போட்டு உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை தீர்ந்ததை, அதை என் அண்ணனுக்குக் கொடுத்ததை, நீ கையெழுத்துப் போட்டதை, நான் மரம் அறுத்ததை. ரோடு அடைத்துக் கிடந்ததால் ஒருவராலும் போக முடியவில்லை என்று என் வாய் தானாகவே சொல்லிவிட்டது.

அவள் அழவில்லை. "மாத்திர இல்லன்னு எனக்கு ஒரு வார்த்த சொல்லி வுட்டிருந்தா நானே எறங்கிப் போய் வாங்கியாந்திருப்பேனே" என்றாள். "மலைக்காரங்க என்னிக்கி ரோட்டுல நடந்தோம்? ஒத்தையடிப் பாதையில எந்த மரம் கெடந்துச்சு?"

இறங்கி வருகிற வழியெல்லாம் உன் மேல்தான் கோபம் வந்தது, அப்புறம் மேனேஜர் மேல், கச்சிராயபாளையம் ரோட்டுக்கு வந்தபோது என் மேல். அறுத்த அடிமரம் இரண்டும் இன்னும் அங்கேயே நிற்கிறது.

வருகிற திங்கட்கிழமை விசாரணைக்கு வருகிறேன். மரம் அறுத்தவன் நான், கேட்ட பங்கு நியாயம், ஆனால் இந்தச் சாவுக்கு மறியலைச் சாக்குச் சொல்லாதீர்கள், மாத்திரை ஆவணியிலிருந்தே பற்றாக்குறை என்று சொல்லப்போகிறேன். போலீஸ் பிடித்தால் பிடிக்கட்டும். கொளஞ்சியம்மாள் சாட்சி சொல்ல வருகிறாள். ஆயம்மாளும் இறங்கி வருகிறாள். காலையில் நேராக உன் வீட்டுக்குத்தான் வருவோம். அண்ணனோடு நாலு பேர், உலை வைத்துவிடு. வாசலை மிதிக்கமாட்டேன் என்றேன் அல்லவா, அதைப் பற்றி நீ ஒன்றும் கேட்காதே.

அந்தப் பதினோரு மாத்திரையையும் ஒரு டப்பாவில் போட்டு அண்ணன் கையிலேயே கொடுத்துவிட்டோம். தினமும் காலையில் அதை ஆட்டிப் பார்த்து, சத்தம் கேட்ட பிறகுதான் தன் மாத்திரையை விழுங்குகிறார். விசாரணைக்கும் அதைக் கொண்டுவருவார், விடமாட்டார். அதிகாரி முன்னால் அதை நீயே மூடியைத் திறந்து எண்ணு.

இளஞ்செழியன்